ஏழாவது ஆட்டமும் ஒரு நடுவரப்பும்

நான் முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்துச் சந்தோஷப்படுவதற்கு இடம் வைக்கக் கூடாது. ஒரு சர்வே கல்லைப் பிடுங்கி, அதன்மேல் நாலு மாதம் உட்கார்ந்து விசில் ஊதியவன் நான். தஞ்சாவூர் ஜில்லாவில் மாமனாரைக் கைநீட்டி அடித்தவனைக்கூட அடுத்த தீபாவளிக்குள் மன்னித்துவிடுவார்கள். கல்லைப் பிடுங்கியவனையும் வரப்பை வெட்டியவனையும் மன்னிக்கவே மாட்டார்கள். நான் இரண்டையும் செய்தேன். அதுவும் ஹாக்கிக்காக. போதாததற்கு, அதைப் புகழ்ந்து அடுக்குமொழியில் ஒரு கடிதம் எழுதி, அடியில் பெரிதாகக் கையெழுத்தும் போட்டேன்.

எழுபதுகளில் நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் நான் டிரில் மாஸ்டர். வளர்ந்தது திருச்சி டவுனில் ஒரு மாடிப் போர்ஷனில். நெல்லுக்கும் கோரைக்கும் வித்தியாசம் கேட்டால் முழிப்பேன். ஹாக்கியில் என் யோக்கியதை என்னவென்றால், பயிற்சிக் கல்லூரி அணியில் இரண்டு வருஷம் மாற்று கோல்கீப்பராக இருந்தேன். அந்த இரண்டு வருஷமும் அசல் கோல்கீப்பருக்கு ஜலதோஷம்கூடப் பிடிக்கவில்லை.

என்னிடம் வந்து சேர்ந்த பதினோரு பையன்களும் பண்ணையாள் தெருவைச் சேர்ந்தவர்கள். பதினாலு, பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் இருந்த ஹாக்கி மட்டைகள் ஆறு. மீதி ஐந்தைக் கேப்டனின் அப்பா கருவேல மரத்தின் வளைந்த கிளையில் வெட்டிச் செதுக்கிக் கொடுத்தார். போட்டிக்குப் போகிற இடத்தில் கருவேலை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதால் எதிரணியிடமே ஐந்து மட்டை இரவல் கேட்போம். ஆட்டம் முடிந்து, ஜெயித்துவிட்டு, "ரொம்ப தேங்க்ஸுங்க" என்று அதைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மட்டைக்குக்கூட வழி இருந்தது, மைதானத்துக்கு இல்லை. பள்ளியின் முன்முற்றத்தில் ஒரு கல்யாணப் பந்தல் போடலாம், அவ்வளவுதான். ஆனால் வாய்க்காலுக்கு மேற்கே ஒரு வேலி நிலம், ஏறக்குறைய ஏழு ஏக்கர், இரண்டு வருஷமாக ஏர் படாமல் சும்மா கிடந்தது. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது ஊர் மிராசுதார் தன் நிலத்தைச் சொந்தக்காரர்கள் பெயரிலெல்லாம் பிரித்து எழுதினார். சொந்தக்காரர்கள் தீர்ந்துபோன பிறகு, செத்து எத்தனையோ வருஷமான ஓர் அத்தையின் பெயரிலும் எழுதினார். இந்த ஒரு வேலி அந்த அத்தையுடையது. இது உபரி நிலம், எங்களுக்குப் பட்டா கொடுக்க வேண்டிய நிலம் என்று தெருவில் பன்னிரண்டு குடும்பத்தார் கேஸ் போட்டார்கள். கோர்ட்டு ஸ்டே கொடுத்தது. கேஸ் முடிகிறவரை மிராசுதாரோ அவருடைய ஆட்களோ அந்தப் பன்னிரண்டு பேரோ உள்ளே கால் வைக்கக் கூடாது. வைத்தால் போலீஸ் அள்ளிக்கொண்டு போகும்.

பையன்களின் பெயர் அந்த உத்தரவில் இல்லை. என் பெயரும் இல்லை. "இதைவிட நல்ல மைதானம் எங்கே கிடைக்கும்!" என்று நான் துள்ளிக் குதித்தேன்.

ஒரே ஓர் இடைஞ்சல். நிலத்தின் குறுக்கே, இரண்டு சர்வே நம்பருக்கு நடுவில், ஒரு வரப்பு ஓடியது. ஹாக்கிக்கு நீளம் பற்றவில்லை.

"வெட்டிடுங்கடா" என்றேன்.

கேப்டன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். "வரப்ப வெட்டக் கூடாது சார்."

"ஏன்டா? வெறும் மண்ணுதானே?"

"மண்ணுதான் சார்" என்றான். என்னை ஒரு பார்வை பார்த்தான். வாத்தியார் சொன்னால் செய்ய வேண்டும் என்று வளர்க்கப்பட்ட பையன், வெட்டினான். வரப்பின் முனையில் இருந்த சர்வே கல் இடது விங்கில் ஓடுகிறவன் காலில் இடித்தது. அதையும் பிடுங்கச் சொல்லி, பூவரச மரத்தடியில் போட்டு, எனக்கு ஆசனமாக வைத்துக்கொண்டேன். பையன்களின் அப்பா அம்மாக்கள் வாய்க்கால் கரையில் நின்று பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. படித்தவன் செய்கிறான், அதில் ஏதோ இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். இருந்தது என் தலை மட்டும்தான். அதற்குள் ஒன்றும் இல்லை.

கோடையில் அந்தக் களிமண் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்புகளில் பதரையும் சாணியையும் குழைத்து அடைத்தோம். அப்படியும் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று பந்துக்கே தெரியாது. அதில் மூன்று மாதம் ஆடியவர்கள் டவுன் மைதானத்துக்குப் போனபோது, அங்கே பந்து சொன்ன பேச்சைக் கேட்டது. திருத்துறைப்பூண்டியில் ஜெயித்தார்கள். மன்னார்குடியில் ஜெயித்தார்கள். திருவாரூரில் ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போதே எதிரணி கோச் எழுந்து சட்டையை உதறிக்கொண்டு போய்விட்டார். வரிசையாக ஆறு ஆட்டம். இதற்கெல்லாம் என் மஞ்சள் தொப்பிதான் காரணம் என்று நான் மனதார நம்பினேன். அதைத் துவைக்கவே இல்லை. ஆறாவது ஆட்டத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காராததற்குக் காரணம் மரியாதை என்றும் நம்பினேன்.

ஆறு ஆட்டம் ஜெயித்தால் ஊர் என்ன கேட்க வேண்டும்? "எப்படி ஜெயிச்சீங்க?" என்றுதானே? ஒருவர் கேட்கவில்லை. எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "இது நிலைக்குமா?"

நாலாவது ஆட்டத்தில் எங்களிடம் தோற்ற ஒரு டவுன் பள்ளியின் டிரில் மாஸ்டர், தோற்ற கையோடு என் தோளில் கைபோட்டுச் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க சார். இது அறுப்பு முடிஞ்ச தெம்பு. ஆத்துல தண்ணி வரட்டும், நாத்துக் கட்டு தூக்கப் போயிடுவானுங்க. அதோட சரி."

"உங்க பசங்க போன வருஷமும் அதுக்கு முந்தின வருஷமும் ஜெயிச்சாங்களே, அது?"

"அது எங்க ஸ்கூல் பாரம்பரியம் சார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூட்ஸ் போட்ட பையன் இரண்டு தடவை ஜெயித்தால் பாரம்பரியம். வெறுங்காலோடு ஓடுகிறவன் நாலு தடவை ஜெயித்தால் தெம்பு. அதே கோல், அதே விசில். தோற்றது அவர், அனுதாபப்படுவதும் அவர்! நல்லதாக நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். "ஐந்து மட்டை உங்களோடது, எண்ணிக்குங்க" என்றுதான் வந்தது.

நீடாமங்கலம் டீக்கடையில் இன்னும் மோசம். ஆளுங்கட்சிக்காரர் ஒருவர், "எல்லாம் நம்ம ஆட்சியோட சாதனை, எழுதி வெச்சுக்கங்க" என்பார். எதிர்க்கட்சிக்காரர், "நாலு நாள் கூத்து, தண்ணி தொறந்தா தெரியும்" என்பார். எல்லாவற்றிலும் முட்டிக்கொள்கிற இருவரும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள்: பையன்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. "அப்ப ஓடினது யாருய்யா?" என்று நான் கத்தினேன். "டிரில் வாத்யாரே, டீ ஆறுது" என்றார் கடைக்காரர்.

நிலைக்கும் என்று சொன்ன ஒரே மனிதர் மிராசுதார்.

ஆட்சி மாறியதும் மேல்துண்டின் கரையை மாற்றிக்கொண்டவர் அவர். ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். கூடத்தில் தனக்கு எதிரே நாற்காலி போட்டு, வெள்ளி டம்ளரில் காபி கொடுத்தார். "நிலைக்கும் வாத்யாரே. நிலைக்கணும். அந்தத் திடல் இருக்கற வரைக்கும் நம்ம பசங்க ஜெயிச்சுக்கிட்டேதான் இருப்பானுங்க."

திடல் என்று சொன்னது என் காதில் விழவில்லை. நம்ம பசங்க என்று சொன்னது விழுந்தது. மேலெல்லாம் புல்லரித்தது. பன்னிரண்டு பச்சை ஜெர்சியை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் மாற்று கோல்கீப்பராக இருந்த காலத்தில் எனக்கென்று ஒரு ஜெர்சி கிடைத்ததில்லை. பன்னிரண்டாவது எனக்கு என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

"ஃபைனல் தஞ்சாவூர்ல, சனிக்கிழமைதானே? தெரு மொத்தமும் வந்து பார்க்கட்டும். என் டிராக்டர்ல டிரெய்லர் மாட்டி அனுப்பறேன். பொம்பளைங்க, குழந்தைங்க எல்லாரும் வரட்டும். ஒருத்தர் பாக்கி இருக்கக் கூடாது" என்றார். பிறகு, போகிற போக்கில், "திடலுக்கு ஒரு நன்றிக் கடுதாசி எழுதிக் குடுங்களேன். உங்க தமிழ் நல்லா இருக்கும்னாங்க" என்றார்.

என் தமிழ் நல்லா இருக்கும் என்று ஒருவர் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? அது மேடைதோறும் அடுக்குமொழி பொழிந்த காலம். தெருமுனைக் கூட்டத்தில் பேசுகிறவர்களைப் பார்த்து நானும் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகியவன். காகிதம் வாங்கி, காபி ஆறுவதற்குள் எழுதி முடித்தேன்: "கழனியைக் களமாக்கிய கருணைக் கடலே! வரப்பை நீக்கி வழியைக் காட்டிய வள்ளலே! பயிர் விளைந்த பூமியில் இனிப் பரிசுகளே விளையும்!" அவர் இரண்டு தடவை படித்துப் பார்த்தார். கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் கேப்டனின் அம்மா என் வாடகை வீட்டு வாசலுக்கு வந்தார். பகலெல்லாம் யார் வீட்டிலோ உளுந்து தட்டிவிட்டு வந்த தூசி தலையில் அப்படியே இருந்தது.

"உள்ள வாங்கம்மா" என்றேன்.

"இருக்கட்டுங்க சார்" என்று தெருவிலேயே நின்றார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காகிதத்தை நீட்டினார். "இது நீங்க எழுதினதுங்களா?"

வாங்கிப் பார்த்தேன். என் கடிதம், டைப் அடித்த நகல். நான் எழுதிய எதையும் அதுவரை யாரும் டைப் அடித்தது கிடையாது. "ஆமாம்மா!" என்றேன், பல்லெல்லாம் தெரிய. "இது எங்க கிடைச்சுது?"

"கோர்ட்டுல."

என் பல் அப்படியே நின்றது.

"எம் மவன் படிச்சுக் காட்டினான். ஓசை நல்லாருக்கும்மான்னான்." குரலில் கோபம் இல்லை; இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "மிராசுதாரு கேஸ்ல குடுத்துட்டாரு. அது வயலே இல்லையாம், பள்ளிக்கூடத்துக்கு அவரு விட்ட திடலாம். திடல்னா உச்சவரம்புல சேராதாம். எங்க வக்கீலு சொல்றாரு, பத்து சாட்சி சொல்ல வேண்டியத வாத்தியாரு மூணு வரியில சொல்லிட்டாருன்னு."

ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று, "உங்க பையன் பிரமாதமா ஆடறாம்மா. அதுக்குக் காரணமே நடவுதான். குனிஞ்சு குனிஞ்சு பழகின முதுகு..." என்று ஆரம்பித்தேன்.

"முப்பது வருசமா குனியுறது நானு. என்னைய ஏன் டீமுல சேக்கல?"

அவரே தொடர்ந்து சொன்னார்: "சனிக்கிழம பத்து மணிக்குக் கோர்ட்டு கமிசனர் நெலத்தப் பாக்க வராரு. அன்னிக்குத்தான் தெருவையே வண்டி வெச்சு அள்ளிக்கிட்டுப் போறாராம் தஞ்சாவூருக்கு."

டிரெய்லர் எதற்கு என்பது அப்போதுதான் என் மண்டைக்குள் இறங்கியது. வரப்பு இல்லாத, கல் இல்லாத, சுண்ணாம்புக் கோடு போட்ட நிலத்தில் கமிஷனர் வந்து நிற்பார். இது வயல் என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இருக்காது. அந்தக் கடைசி ஆளையும் வண்டியில் ஏற்றிவிட்டு, பச்சை ஜெர்சியோடு முன்னால் உட்கார்ந்து போகப்போகிறவன் நான்.

"வரப்பத் திருப்பிப் போட்டாகணும் சார். எங்க ஆளுங்க உள்ள கால வெச்சா போலீசு புடிக்கும். முந்தின நாளே போட்டா மிராசுதாரு ஆளுங்க எவனையாச்சும் ஏவி வெட்டிப்புடுவாங்க. சனிக்கிழம காலையில, கமிசனர் வர்றதுக்குள்ள போடணும். உள்ள போகத் தடை இல்லாதவனுங்க பதினோரு பேருதான்."

"அம்மா, அன்னிக்கு ஃபைனல்..."

"தெரியும் சார். நாங்களும் இத்தன நாளு சும்மாதானே இருந்தோம், பசங்க செயிக்குதுங்களேன்னு. போன்னும் சொல்லல, போகாதன்னும் சொல்லல. அவனுங்ககிட்டயே விட்டுட்டேன்." காகிதத்தைத் திரும்ப வாங்கி முடிந்துகொண்டு போனார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, ஜெர்சிப் பையைத் தூக்கிக்கொண்டு நேரே மிராசுதார் வீட்டுக்கு நடந்தேன். நாலு கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. செத்த அத்தையைப் பற்றியே இரண்டு. கேட்டருகே போனதும் நாய் குரைத்தது. நானும் அந்தப் பக்கமாகச் சும்மா வந்தவன் போலத் திரும்பிவிட்டேன். பையும் என்னோடு திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் உச்சம். அவ்வளவு தெரிந்த பிறகும், வெள்ளிக்கிழமை பையன்களை மரத்தடியில் உட்கார வைத்து, அதே சர்வே கல்லின்மேல் ஏறி நின்று பிரசங்கம் செய்தேன். "கேஸுக்கு ஆயிரம் வாய்தா வரும்டா. ஃபைனல் ஒரு தடவைதான். இது நிலைக்காதுன்னு சொன்னவன் வாயையெல்லாம் அடைக்கணுமா இல்லையா? மண்ண அப்புறம்கூட அள்ளிப் போட்டுக்கலாம். நாளைக்கு ஏழு மணிக்கு வண்டி."

"சரி சார்" என்றார்கள் பதினோரு பேரும். எதற்குச் சரி என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. சென்டர் ஃபார்வர்டு மட்டும் நான் நின்ற கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு டிராக்டர் தெருமுனையில் நின்றது. டிரெய்லரின் நாலு மூலையிலும் வாழைக்கன்று, குறுக்கே மாவிலைத் தோரணம். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருந்தது. மஞ்சள் தொப்பி, பச்சை ஜெர்சி, கையில் பை, கழுத்தில் விசில் சகிதம் நான் ஏறி உட்கார்ந்தேன். ஏழேகால். ஏழரை. தெருவில் ஒரு கோழி நடமாடியது.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "சார், நீங்க ஒருத்தர் மட்டுமா?"

இறங்கி ஓடினேன்.

தெருவே வாய்க்கால் கரையில் இருந்தது. ஆற்றில் இன்னும் தண்ணீர் விடவில்லை. பெண்கள் குளத்திலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து நிலத்தின் ஓரத்தில் நின்றார்கள். ஒருத்தியின் கால்விரல்கூட உள்ளே படவில்லை. பையன்கள் ஓரத்துக்கு ஓடி வந்து குடத்தை வாங்கி, மண்ணில் ஊற்றி, மிதித்து, அள்ளி அப்பி, கையால் அறைந்து அறைந்து வரப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். என் சென்டர் லைனுக்கு மேலேயே அது ஓடியது. சுண்ணாம்புக் கோடுகளைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். கோல் மூங்கில்கள் நாலும் வாய்க்கால் கரையில் கிடந்தன. மரத்தடியில் இரண்டு போலீஸ்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஹாக்கிப் பையன்கள் உள்ளே போகக் கூடாது என்று எந்த உத்தரவிலும் இல்லை, அதனால் அவர்களுக்கு எழுத ஒன்றும் இல்லை. கேப்டனின் அப்பா கரையிலிருந்து கை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார்: "கெழக்க ஒரு சாண் தள்ளுடா! பழைய வரப்பு அங்கதானே இருந்துச்சு!"

என் கல்லைத் தேடினேன். மரத்தடியில் இல்லை. அது தன் பழைய குழியில், கழுவித் துடைத்து, நேராக நின்றது.

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! மிராசுதார்மேல் வந்திருக்க வேண்டிய கோபம், அந்த டவுன் மாஸ்டர்மேல், டீக்கடைமேல், என் நாக்கின்மேல், என் கையெழுத்தின்மேல் வந்திருக்க வேண்டிய கோபம் எல்லாம் சேர்ந்து, சேற்றில் நின்ற அந்தப் பதினோரு பேர்மேல் வந்தது. விறுவிறுவென்று நிலத்துக்குள் இறங்கி நடுவில் போய் நின்றேன்.

"ஏன்டா, வரேன்னு சொல்லிட்டு இதென்னடா அக்கிரமம்? ஆறு ஆட்டம்டா! தஞ்சாவூர்ல நம்ம பேரைக் கூப்பிடுவான், கூப்பிட்டுப் பார்த்துட்டு எதிர் டீமுக்குக் கப்பை எழுதிக் குடுத்துடுவான். அந்த டவுன் மாஸ்டர் என்ன சொல்லுவான் தெரியுமா? 'நான் அப்பவே சொல்லல? நாத்துக் கட்டு தூக்கப் போயிட்டானுங்க'ன்னு சிரிப்பான்டா! நாலு மாசமா இந்த வெயில்ல நான் உட்கார்ந்து... நீங்க ஓடி... இது நிலைக்கணும்னு உங்களுக்கு இல்லையாடா?"

பத்துப் பேர் தலை நிமிரவில்லை. கேப்டன் மட்டும் கையில் அள்ளிய மண்ணோடு நிமிர்ந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தான்.

"புது வரப்பு சார், மிதிக்காதீங்க."